உறைமேல் முகவரி

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



'வகுப்பறையில் எழுத்துப் பயிற்சி' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். கடல் போன்ற தலைப்பு. அதில் ஒரு கரையை மட்டும் தொட்டுக்கொண்டு பேசுகிறேன். பிள்ளை வாரம் ஒரு பக்கம் எழுத வேண்டும். அந்தப் பக்கத்தைப் பிள்ளையின் ஊரைத் தெரியாத ஒருவர் படிக்க வேண்டும். இந்த இரண்டும் கூடினால் எழுத்து வருகிறது, ஒன்று விட்டுப்போனாலும் வருவதில்லை என்பது என் கட்சி.

பத்தாம் வகுப்புத் தமிழ் விடைத்தாள் திருத்தியவர்கள் இந்த அவையில் பலர் இருப்பீர்கள். உணவு விடுதியில் சாப்பாடு தரமில்லை, விலையும் கூடுதல் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையருக்கு ஒரு புகார்க் கடிதம் எழுதச் சொல்வோம். அனுப்புநர், பெறுநர், ஐயா, பொருள் என்று வரிசை தப்பாமல் வரும். சொந்தப் பெயர் எழுதக் கூடாது என்பதால் அனுப்புநர் இடத்தில் 'அ அ அ' என்று இருக்கும். தெருப்பெயர் 'ஆ ஆ ஆ'. கடைசியில் ஸ்கேல் வைத்துப் பென்சிலால் ஒரு கட்டம்; அதன் தலையில் 'உறைமேல் முகவரி'. அந்தக் கட்டத்துக்கும் மதிப்பெண் உண்டு. பெயரில்லாத ஒருவர், தான் சாப்பிடாத சாப்பாட்டைப் பற்றி, தபாலில் சேராத ஓர் உறைக்குள் வைத்த கடிதத்தை, திருத்தும் முகாமில் உட்கார்ந்து நாம் படிக்கிறோம். படிக்கிறோம் என்றுகூடச் சொல்ல முடியாது. இருக்கவேண்டியதெல்லாம் இருக்கிறதா என்று சரிபார்க்கிறோம்.

தேர்வைக் குறை சொல்ல நான் வரவில்லை. இலட்சக்கணக்கான தாள்களைக் குறுகிய காலத்தில் திருத்த வேண்டுமென்றால் இப்படி ஒரு சட்டகம் இல்லாமல் முடியாது. ஆனால் அந்தச் சட்டகம் பத்தாம் வகுப்போடு நிற்காமல் படியிறங்கி ஆறாம் வகுப்புக் கட்டுரை ஏட்டுக்கே வந்துவிட்டது. 'மழைநீர் சேகரிப்பு' என்று தலைப்புக் கொடுங்கள். மழை இயற்கை நமக்கு அளித்த கொடை என்று நாற்பது ஏடுகளும் ஒரே குரலில் தொடங்கும். கைடில் அப்படித்தான் இருக்கிறது, கரும்பலகையிலும் அப்படித்தான் எழுதிப்போட்டோம். அந்த நாற்பது பேரில் கூரை ஒழுகும் வீட்டுப் பிள்ளை உண்டு, செங்கல் சூளைக்காரர் பிள்ளை உண்டு. ஒழுகும் கூரையும் நனைந்துபோன பச்சைச் செங்கல்லும் முன்னுரைக்குள் நுழையவே முடியாது.

இது நம் ஊர் நோய் மட்டும் என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்தில் ஜேம்ஸ் பிரிட்டனும் உடன் பணியாற்றியவர்களும் 11 முதல் 18 வயது வரையான மாணவர்கள் பல பாடங்களில் எழுதிய ஈராயிரத்துக்கும் மேற்பட்ட எழுத்துகளைத் திரட்டி, ஒவ்வொன்றும் யாருக்காக எழுதப்பட்டது என்று பார்த்தார்கள். 1975இல் அந்த ஆய்வு நூலாக வந்தது. ஏறத்தாழ பாதி எழுத்துகள் மதிப்பெண் போடும் ஆசிரியருக்காக எழுதப்பட்டவை. மீதியிலும் பெரும்பங்கு வேறு ஏதாவதொரு முறையில் ஆசிரியரை நோக்கியவையே. விஷயம் ஏற்கெனவே தெரிந்தவருக்கு அதே விஷயத்தை எழுதிக் காட்டுவதுதான் பள்ளிக்கூட எழுத்தாக இருந்திருக்கிறது. வாழ்க்கையில் வேறு எங்கும் நாம் அப்படி எழுதுவதில்லை.

இதற்கு மாற்றாக ஒருவர் செய்ததைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். செலஸ்தேன் ஃப்ரெனே, பிரான்ஸின் தென்கிழக்கு மூலையில் ஒரு மலைக் கிராமத்தில் 1896இல் பிறந்தவர். முதல் உலகப்போரில் நுரையீரலில் குண்டுபட்டுத் திரும்பினார். 1920இல் பார்-சூர்-லூ என்ற மலைச்சரிவு ஊரில் தொடக்கப் பள்ளி ஆசிரியராகச் சேர்ந்தார். மூச்சு முட்டியதால் அவரால் வகுப்பில் நெடுநேரம் பேச முடியவில்லை. பேச முடியாத ஆசிரியர் பிள்ளைகளைப் பேசவும் எழுதவும் விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று. (நம்மில் சிலருக்குத் தொண்டை கொஞ்சம் கட்டிக்கொண்டால் நல்லது என்று எனக்கு அவ்வப்போது தோன்றும். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.)

1924இல் அவர் ஒரு சின்னக் கை அச்சுப்பொறியை வாங்கி வகுப்பறையில் வைத்தார். பிள்ளைகள் தாங்களாக எழுதி வந்ததை வகுப்பில் படிப்பார்கள். மேசைமேல் நத்தைகளைப் பந்தயம் விட்டது, முந்தின நாள் வீட்டில் நடந்தது, எதுவானாலும் சரி. எது அச்சேற வேண்டும் என்று வகுப்பு வாக்களிக்கும். தேர்வானதைக் கரும்பலகையில் எழுதி, எழுதிய பிள்ளையைக் கேட்டுக்கேட்டு எல்லாருமாகச் செப்பம் செய்வார்கள். அதன்பின் அச்சுக்கோப்பு. ஒவ்வொரு ஈய எழுத்தாகப் பொறுக்கி, தலைகீழாகவும் இடவலம் மாற்றியும் அடுக்க வேண்டும். ஓர் எழுத்து தவறினால் தாளில் பளிச்சென்று தெரியும், அந்த எழுத்தைப் பிடுங்கி வேறு வைக்க வேண்டும். எழுத்துப்பிழையின் எடை ஒரு பிள்ளைக்கு இதைவிட நன்றாக எப்படித் தெரியப்போகிறது? சிவப்பு மையில் நாம் போடும் சுழியைப் பார்த்துவிட்டு ஏட்டை மூடிவிடலாம். இங்கே பிழையோடு அச்சேறிவிட்டால் தாள் வீணாகும், மை வீணாகும், கூட இருப்பவன் முறைப்பான்.

அச்சிட்ட தாள்கள் வீட்டுக்குப் போயின. அதோடு நின்றிருந்தால் இன்று இதைச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன். சில காலத்திலேயே நாட்டின் மறுகோடியில், பிரெட்டனிக் கடற்கரையில் ரெனே தானியேல் என்ற ஆசிரியரின் பள்ளிக்கும் இந்தப் பள்ளிக்கும் பக்கங்கள் தபாலில் போய்வரத் தொடங்கின. மலைச்சரிவில் வாசனைத் தைலத்துக்காக நாரத்தைப் பூப் பறிக்கும் ஊர்ப் பிள்ளைகளும் அட்லாண்டிக் அலையைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளும் ஒருவருக்கொருவர் எழுதினார்கள். ஃப்ரெனேயின் அச்சுப்பொறியைத்தான் எல்லாரும் கொண்டாடுகிறார்கள். எனக்கென்னவோ தபால்தான் பெரிது என்று படுகிறது. அச்சுப்பொறி எழுத்தை அழகாக்கியது. அந்தப் பக்கத்துக்கு முகவரி கொடுத்தது தபால்.

இதை நான் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பணியிலிருந்த காலத்தில் வேதாரண்யம் பக்கத்து நடுநிலைப் பள்ளி ஒன்றும் கொடைக்கானல் மேல்மலையில் ஒரு பள்ளியும் சில காலம் வாரப் பக்கங்களை மாற்றிக்கொண்டன. இடையில் நின்று உதவும் வேலை எனக்கு. அச்சுப்பொறியெல்லாம் கிடையாது. ஒரு தாளை இரண்டாக மடித்தால் நான்கு பக்கம். பிள்ளைகள் கையால் எழுதுவார்கள், ஜெராக்ஸ் எடுத்து அனுப்புவோம்.

ஐப்பசி மாதம். உப்பளத் தொழிலாளி ஒருவரின் மகள், ஏழாம் வகுப்பு, எழுதி அனுப்பியது இரண்டே வரி: மழை வந்துவிட்டது. அப்பா வீட்டில் இருக்கிறார். அவளுடைய தமிழாசிரியைக்கு அந்த இரண்டு வரியில் ஒரு குறையும் தெரியவில்லை. அந்த ஊரில் யாருக்குமே தெரியாது. மழை வந்தால் உப்பளத்தில் வேலை நின்றுவிடும் என்பது அங்கே மூச்சு விடுவதுபோல எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. மேல்மலையிலிருந்து பதில் வந்தது. உங்கள் அப்பாவுக்கு உடம்பு சரியில்லையா, எங்கள் ஊரில் மழை வந்தால்தான் எல்லாரும் பூண்டு நடக் காட்டுக்குப் போவார்கள் என்று ஒரு பையன் கேட்டிருந்தான்.

அந்தப் பெண்ணுக்கு முதலில் சிரிப்பு, பிறகு கொஞ்சம் கோபம். 'இதுகூடத் தெரியாதா சார் அவங்களுக்கு?' என்றாள். தெரியாது, நீதான் சொல்ல வேண்டும் என்றேன். அடுத்த வாரம் ஒரு முழுப் பக்கம் வந்தது. மழைத் தண்ணீர் பட்டால் குவித்து வைத்த உப்புக் கரைகிறது, பாத்திகள் முழுகிப்போகின்றன, தை பிறந்து தண்ணீரை வெளியேற்றிய பிறகு சேற்றைக் காலால் மிதித்து மிதித்துத் தரையை இறுக்க வேண்டும், அதுவரை கூலி இல்லை. மளிகைக் கடையில் ஐப்பசிக்கென்று தனியாக ஒரு கணக்கு நோட்டுப் போடுவார்கள், அதில் எங்கள் வீட்டுக்கு இரண்டு பக்கம் என்று எழுதியிருந்தாள். 'விரிவாக எழுது', 'சான்று காட்டு' என்று நாங்கள் ஆண்டுக்கணக்கில் சொல்லி வராதது மேல்மலைப் பையன் ஒருவனின் அறியாமையால் ஒரே வாரத்தில் வந்துவிட்டது. அவளுடைய ஆசிரியை அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவே முடியாது. கேட்டாலும் அது பாடக் கேள்வி. விடை தெரிந்தவர் கேட்கும் கேள்வி.

முதலில் அந்தப் பக்கத்தில் உப்பு 'கறைந்தது' என்று இருந்தது. படியெடுக்கும்போது பக்கத்தில் இருந்த பிள்ளை சுட்டிக்காட்ட, அவள் அகராதியைப் புரட்டி 'ர' போட்டாள். அதே பக்கத்தில் வல்லினம் மிகும் இடம் ஒன்றிரண்டு விடுபட்டிருந்தது. விட்டுவிட்டோம். எல்லாப் பிழையையும் எல்லா வாரமும் திருத்தினால் பிள்ளை பிழை வராத வாக்கியங்களை மட்டும் எழுதக் கற்றுக்கொள்ளும். பிழை வராத வாக்கியம் கைடில் நிறைய இருக்கிறது.

இன்னொரு சிக்கல் நம்முடையது. பேச்சுத் தமிழும் எழுத்துத் தமிழும். ஃப்ரெனேயின் பிள்ளைகளும் வீட்டில் ஒரு வட்டார மொழி பேசிக்கொண்டு பள்ளியில் பிரெஞ்சு எழுதியவர்கள்தான். ஆனால் நம் அகழி இன்னும் ஆழமானது என்பது என் எண்ணம். 'எங்கப்பா வேலைக்குப் போவல' என்று பிள்ளைக்குச் சொல்லத் தெரியும். அதை 'என் தந்தையார் பணிக்குச் செல்லவில்லை' என்று மாற்றும்போதே பாதி உயிர் போய்விடுகிறது. அந்த வேலையின் பயத்தில் மீதியை எழுதாமலேயே விட்டுவிடுகிறார்கள். நாங்கள் ஒரு வழி வைத்துக்கொண்டோம். யாராவது பேசினால் பேசியபடியே எழுதலாம். மற்றது எழுத்துத் தமிழில், ஆனால் 'தந்தையார்' வேண்டாம், அப்பா போதும். முதல் படி எந்தத் தமிழில் வந்தாலும் கேள்வி இல்லை. வெளியூருக்குப் புரிய வேண்டும் என்ற ஒரே காரணத்தினால் பிள்ளைகளே கொஞ்சம் கொஞ்சமாகப் பொதுத் தமிழுக்கு நகர்ந்தார்கள். மேல்மலைப் பேச்சு கடற்கரைக்குப் புரியவில்லை, கடற்கரைப் பேச்சு மேல்மலைக்குப் புரியவில்லை. எழுத்துத் தமிழ் எதற்கு இருக்கிறது என்று அவர்களுக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை.

ஏன் வாரம்? மாதம் ஒன்று போதாதா என்று தலைமையாசிரியர்கள் கேட்பார்கள். மாதம் ஒருமுறை என்றால் அது ஆண்டு மலர் ஆகிவிடும். நன்றாக எழுதும் நாலு பேர் எழுதுவார்கள், மற்றவர்கள் கைதட்டுவார்கள். பள்ளிக்கல்வித் துறை நடத்தும் 'தேன்சிட்டு' போன்ற இதழ்களில் பிள்ளைகளின் படைப்புகள் வருவதைப் பார்க்க மகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனால் மாநிலம் முழுதுக்கும் ஓர் இதழில் எத்தனை பிள்ளைக்கு இடம் இருக்கும்? வாரம் என்பதில் ஒரு கருணை உண்டு. இந்த வாரம் சொதப்பினால் அடுத்த வாரம் இருக்கிறது.

இந்த வாரக் கணக்கை வார்சா நகரத்து மருத்துவர் யானுஷ் கோர்ச்சாக்கைப் போலப் புரிந்துகொண்டவர் குறைவு. 1912இல் திறந்த யூத அனாதைப் பிள்ளைகள் இல்லத்தை நடத்தியவர் அவர். அங்கே பிள்ளைகளின் வாரச் செய்தித்தாள் ஒன்று இருந்தது. அது எல்லாரும் கூடியிருக்க உரக்கப் படிக்கப்படும். பள்ளிச் செய்தித்தாளைப் பற்றி 1921இல் ஒரு சிறு நூலே எழுதினார். 1926 அக்டோபர் 9 அன்று, 'நாஷ் ப்ஷெக்லோண்ட்' என்ற நாளிதழின் இணைப்பாக, 'மாவி ப்ஷெக்லோண்ட்' என்ற பிள்ளைகள் தாள் அவர் முயற்சியில் தொடங்கியது. பெரியவர்கள் பிள்ளைகளுக்காக எழுதும் தாள் இல்லை அது, எழுதியவர்கள் பிள்ளைகள். போலந்தின் பல ஊர்களிலிருந்தும் கடிதங்கள் குவிந்தன. பல் விழுந்தது, தம்பியோடு சண்டை, ஆசிரியர் அநியாயமாகத் திட்டியது, தெருவில் யூதன் என்று ஏசியது, எல்லாம் அச்சில் வந்தது. 1930இல் பொறுப்பை இகோர் நெவெர்லி என்பவரிடம் ஒப்படைத்தார். வெள்ளிக்கிழமைதோறும் வந்துகொண்டிருந்த அந்தத் தாளின் கடைசி இதழ் 1939 செப்டம்பர் 1 தேதியிட்டது. அன்று காலைதான் ஜெர்மானியப் படை போலந்துக்குள் நுழைந்தது. 1942 ஆகஸ்டில் கோர்ச்சாக் தன் இல்லத்துப் பிள்ளைகளோடு திரெப்ளிங்கா முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய சாவைத்தான் உலகம் நினைவில் வைத்திருக்கிறது. பதின்மூன்று ஆண்டுகள் ஓடிய அந்த வாரத்தாளையும் ஆசிரியர் பயிற்சியில் பாடமாக வைக்கலாம்.

நம்மிடமும் இதற்கு ஒரு வேர் உண்டு. கையெழுத்துப் பத்திரிகை. ஒரே ஒரு பிரதி, வண்ண மசியில் தலைப்பு, வீடுவீடாகச் சுற்றிவரும். பின்பக்கத்தில் சில வெற்றுத் தாள்கள் விட்டுவைத்திருப்பார்கள், படித்தவர்கள் கருத்து எழுத. தமிழில் பேர் வாங்கிய எழுத்தாளர்கள் பலர் அதில் கை பழகியவர்கள். ஆனால் அது தெருவில் நடந்தது, வகுப்புக்குள் நாம் அதை அனுமதிக்கவில்லை.

சரி, நாற்பது பிள்ளை, வாரம் நாற்பது பக்கம், யார் திருத்துவது? இந்தக் கேள்வி உங்கள் முகத்திலேயே தெரிகிறது. 1880களில் அமெரிக்காவின் ஹார்வர்டில் பாரெட் வெண்டல் என்ற பேராசிரியர் மாணவர்களை நாள்தோறும் ஒரு பக்கம் எழுத வைத்தார். நல்ல யோசனைதான், ஆனால் அத்தனையும் ஆசிரியர் மேசைக்கே வந்து சேர்ந்தது. திருத்தும் சுமையும் கூடவே வந்தது. எழுதும் கை பெருகி, படிக்கும் கண் ஒன்றாகவே இருந்தால் எந்த ஆசிரியரும் தாங்க மாட்டார். வாரப் பக்கத்தில் ஆசிரியர் எல்லாவற்றையும் திருத்த வேண்டியதில்லை. வெளியூர் போகும் நாலைந்து பக்கத்தை மட்டும் வகுப்பே உட்கார்ந்து செப்பம் செய்யட்டும். மற்றவை ஏட்டில் இருக்கட்டும். எது வெளியே போவது என்பதில் மட்டும் ஃப்ரெனேயோடு எனக்கு உடன்பாடில்லை. வாக்கெடுப்பு வைத்தால் வகுப்பில் யாருக்கு நண்பர்கள் அதிகமோ அவர்தான் ஜெயிப்பார். முறை வைத்து அனுப்புவதே நியாயம்.

இனி ஆபத்து. உண்மையான வாசகர் இருந்தால் உண்மையான கோபமும் வரும். ஃப்ரெனே 1928இல் சான்-போல் என்ற ஊருக்கு மாற்றலானார். அங்கே ஒரு பிள்ளை தான் கண்ட கனவை எழுதியது. ஊர் மேயரை எதிர்த்து வகுப்பு கிளம்புகிறது, மேயர் கொல்லப்படுகிறார். கனவுதானே என்று அதையும் அச்சிட்டார்கள். 1932 முடியும் சமயம் அந்தப் பக்கம் சுவரொட்டியாக ஊர்ச் சுவர்களில் ஏறியது. பாரிஸ் வலதுசாரிப் பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன. பெற்றோர் சிலர் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப மறுத்தார்கள், பள்ளி வாசலில் ஆர்ப்பாட்டம். 1933இல் ஃப்ரெனே அந்தப் பள்ளியை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. பிறகு வான்ஸ் நகருக்கருகே சொந்தமாகப் பள்ளி தொடங்கினார்.

அந்தக் கனவை அச்சிட்டிருக்கக் கூடாது என்றுதான் நான் சொல்வேன். எழுதியிருக்கலாம், வகுப்பில் படித்திருக்கலாம். ஊர் முழுக்கப் போகும் தாளில் போட்டது பிள்ளைக்குச் செய்த நன்மை இல்லை. என் நண்பர்கள் சிலர் இதில் என்னோடு சண்டைக்கு வருவார்கள், கோழைத்தனம் என்பார்கள். ஆனால் உப்பளத்துப் பெண்ணின் மளிகைக் கடன் பற்றிய வரியை அனுப்பும் முன் அவளிடமும் அவள் அம்மாவிடமும் கேட்டுவிட்டுத்தான் அனுப்பினோம். அம்மா, 'உள்ளதுதானே, எழுதட்டும்' என்றார். வேண்டாம் என்றிருந்தால் அந்த வரி போயிருக்காது. குடித்துவிட்டு வரும் அப்பாவைப் பற்றி, அடியைப் பற்றி, தொடக்கூடாத இடத்தில் தொட்ட உறவினரைப் பற்றிப் பிள்ளைகள் எழுதுவார்கள். வாரந்தோறும் எழுத விட்டால் கட்டாயம் எழுதுவார்கள். அந்தப் பக்கம் எந்தத் தாளுக்கும் போகக் கூடாது. அதைப் படித்த ஆசிரியர் மறுநாள் வரை காத்திருக்கவும் கூடாது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண் அதற்குத்தான் இருக்கிறது. ஏட்டில் எந்தப் பக்கத்தையும் மடித்து வைக்கும் உரிமை பிள்ளைக்கு இருக்க வேண்டும். மடித்த பக்கத்தை ஆசிரியர் மட்டும் பார்க்கலாம் என்று ஒரு மடிப்பு, யாருமே பார்க்கக் கூடாது என்று இரண்டு மடிப்பு. எங்கள் பிள்ளைகள் கண்டுபிடித்த ஏற்பாடு அது.

இன்று கைப்பேசியில் படமெடுத்து அனுப்பினால் நொடியில் மேல்மலைக்குப் போய்விடுமே, வலைப்பூ ஒன்று தொடங்கி அதில் போடலாமே என்று இளைஞர்கள் கேட்பீர்கள். செய்யுங்கள், தடையில்லை, பெயரும் படமும் போடாமல் செய்யுங்கள். ஆனால் உலகமே படிக்கலாம் என்ற இடத்தில் பெரும்பாலும் ஒருவரும் படிப்பதில்லை என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்கு வேண்டியது பெயர் தெரிந்த ஒரு வாசகர். எண்ணிக்கையில் ஒன்றும் இல்லை. தபால் போய்ச் சேர ஆகும் அந்த மூன்று நாலு நாள் தாமதத்தில், பதிலில் என்ன கேட்பார்களோ என்று பிள்ளைகள் தங்களுக்குள் பேசிக்கொள்வதையும் நான் கேட்டிருக்கிறேன். அடுத்த பக்கத்தின் பாதி அங்கேயே உருவாகிவிடும்.

இந்த அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் நீங்கள் நடத்தும் கட்டுரைப் போட்டிக்கு ஒரு பரிசுத் தொகை வைத்திருக்கிறீர்கள். மூன்று பிள்ளைக்குக் கோப்பையும் சான்றிதழும் கிடைக்கின்றன. அந்தத் தொகையில் பாதியை எடுத்து, ஒன்றையொன்று அறியாத பள்ளிகளை இரண்டிரண்டாகச் சேர்த்து, ஓராண்டுக்கு அவற்றின் தாளுக்கும் ஜெராக்ஸுக்கும் அஞ்சல் தலைக்கும் கொடுத்துப் பாருங்கள். எந்த ஊரோடு எந்த ஊர் என்பதை இங்கே இருக்கும் ஆசிரியர்களே தேநீர் நேரத்தில் பேசி முடித்துவிடுவார்கள். நெசவு ஊர் ஒன்றும் பட்டாசு ஊர் ஒன்றும் ஏற்கெனவே என் காதில் விழுந்துவிட்டன.